நாற்பது வினாடியில் மாவுப்பூச்சி சாகாது

மறுபடியும் வந்துவிட்டது. குடும்பக் குழு, மாடித்தோட்டக் குழு, அடுக்குமாடிக் குழு, எல்லாவற்றிலும் ஒரே நாளில் அதே நாற்பது வினாடி வீடியோ. ‘ஒரே ஸ்பிரே, மாவுப்பூச்சி காலி!’ செடியில் வெள்ளைப் பஞ்சுபோல் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சுகிற பூச்சி அது. செம்பருத்தி வளர்க்கிற யாருக்கும் இந்த வீடியோவைப் பார்த்தால் வயிறு எரியும். எத்தனை செடி இதை நம்பிச் செத்திருக்கும்!

முதல் வினாடியிலிருந்தே வருகிறேன். ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரில் ‘ஒரு மூடி’ வேப்பெண்ணெய் ஊற்றுகிறார்கள். எந்த மூடி? இருமல் மருந்து மூடியா, எண்ணெய் டின் மூடியா? லிட்டருக்கு 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சொல்லாததால்தான் ஆளாளுக்கு 15, 20 மில்லி ஊற்றித் துளிரையெல்லாம் கருக்கிவிட்டு, ‘வேப்பெண்ணெய் ஒத்துக்கல’ என்கிறார்கள்.

அடுத்து பாட்டிலைக் குலுக்குகிறார்கள். சோப்பு எங்கே? தண்ணீரில் எண்ணெய் கலக்காது என்பது ரசம் வைக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். குலுக்கிய கை நிற்பதற்குள் எண்ணெய் மேலே வந்துவிடும். ஸ்பிரேயரின் குழாயோ அடியிலிருந்து உறிஞ்சுகிறது. ஆகவே முக்கால் பாட்டில்வரை செடிக்குப் போவது வெறும் தண்ணீர், கடைசியில் வருவது தனி எண்ணெய். அந்தக் கடைசிப் பங்கை வாங்கும் கிளைதான் மூன்றாம் நாள் காய்ந்து நிற்கும். காதி சோப்பைச் சீவி வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள். எண்ணெயை முதலில் அந்தக் கரைசலில் விட்டு, பால் மாதிரி வெளுக்கும்வரை அடியுங்கள். அதற்கப்புறம்தான் மீதித் தண்ணீர். கலந்ததை அன்றைக்கே அடித்துத் தீர்த்துவிட வேண்டும். மருந்தாக வேலை செய்கிற அசாடிராக்டின் தண்ணீரில் கிடந்தால் சிதைந்துபோகும். மீந்ததை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைப்பதில் ஒரு பயனும் இல்லை.

‘பாத்திரம் கழுவுற லிக்விட் ஊத்துங்க, நல்லா நுரை வரும்’ என்று வீடியோவுக்குக் கீழே ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். நுரை வந்து என்ன ஆகப்போகிறது? அது டிடர்ஜென்ட். சட்டியில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவே செய்தது. இலைமேல் இருக்கிற மெழுகுப் பூச்சையும் அதே வேகத்தில் எடுத்துவிடும்.

பன்னிரண்டாவது வினாடியில் ஸ்பிரே தொடங்குகிறது. தொட்டியின் நிழலைப் பாருங்கள், தொட்டிக்கு அடியிலேயே கிடக்கிறது. உச்சி வெயில்! எண்ணெய் பட்ட இலையை அந்த வெயிலில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டாமா? மாலை ஐந்து மணிக்கு மேல்தான் அடிக்க வேண்டும். அதிலும் முதலில் இரண்டு இலையில் மட்டும் அடித்து, ஒரு நாள் விட்டுப் பார்த்துவிட்டு மற்றதைத் தொட வேண்டும்.

அடிப்பதாவது சரியான இடத்திலா என்றால் அதுவும் இல்லை. இலையின் மேல்பக்கம், பளபளவென்று இருக்கிற பக்கத்தில் அடிக்கிறார்கள். அங்கே பூச்சியே கிடையாது. அது இலைக்காம்பு கிளையோடு சேரும் இடுக்கிலும், மொட்டின் புல்லிவட்டத்துக்குள்ளும், இலையின் அடிநரம்பிலும், சுருண்டுபோன நுனிக்கொத்திலும் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சுருண்ட நுனியை எந்த மருந்தாலும் நிமிர்த்த முடியாது. வெட்டி எடுத்து, கவரில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். வெட்டியதைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே போட்டால் ராத்திரிக்குள் எல்லாம் ஏறி வந்துவிடும். மிச்சத்தைப் பைப் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி உதிர்க்க வேண்டும். இடுக்கில் இருப்பதை, காது குடையும் பஞ்சுக் குச்சியை 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு அடிக்கிற ஸ்பிரேதான் ஸ்பிரே.

இருபதாவது வினாடியில் எறும்பு. தண்டில் சாரைசாரையாக ஏறுகிறது. வீடியோ எடுத்தவர் கண்ணில் படவில்லை, பார்த்தவர் கண்ணிலும் படவில்லை. மாவுப்பூச்சி கழிக்கிற தேன்போன்ற திரவத்துக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, தின்ன வருகிற எதிரிகளை விரட்டுகிறது. இலையில் கரி அப்பினமாதிரி படர்கிற கரும்பூசணமும் அந்தத் திரவத்தில் வளர்வதுதான். எறும்பை விட்டுவிட்டுப் பூச்சியை மட்டும் அடிப்பது வீண் வேலை. ஒரு கப் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, அரை டீஸ்பூன் வெண்காரம் (போராக்ஸ்) கரைத்து, பஞ்சில் நனைத்து, குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாத இடத்தில் எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் வையுங்கள். வெண்காரத்தைக் கூட்டாதீர்கள். கூட்டினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், புற்றுக்குள் கொண்டுபோகாது.

இருபத்தைந்தாவது வினாடியைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. கிளையில் வெள்ளையாக, நூல்நூலாகத் தொங்கிக்கொண்டு, ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் ஒன்று விறுவிறுவென்று ஓடுகிறது. ‘எவ்ளோ பெரிசு பாருங்க’ என்று கேமராவைக் கிட்டே கொண்டுபோய், அதன் தலையிலேயே அடிக்கிறார்கள். அது மாவுப்பூச்சியே இல்லை! மாவுப்பூச்சி மூன்று, நான்கு மில்லிமீட்டருக்கு மேல் வளராது, அப்படி ஓடவும் செய்யாது. ஓடியது கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியையும் அதன் முட்டையையும் தின்றே வளர்வது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது, இன்றைக்கும் காசு கொடுத்து வாங்கித் தோட்டத்தில் விடுகிறார்கள். தானாகத் தேடி வந்ததைக் கொன்றுவிட்டு அதற்கு லைக் வேறு. பப்பாளி மாவுப்பூச்சியை மறந்துவிட்டார்களா? 2008-ல் கோயம்புத்தூரில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று மேய்ந்தது. எவ்வளவு மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட குட்டிக் குளவிகள்தான், அதிலும் அசெரோபேகஸ் பப்பாயே என்கிற இனம், அதை அடக்கியது. ஓடுகிற வெள்ளையைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

முப்பதாவது வினாடியில் ஒரு வெட்டு. அடுத்த காட்சியில் பச்சைப்பசேல், பூவோ பூ. முதலில் இருந்தது ஒற்றைச் செம்பருத்தி, இப்போது நிற்பது அடுக்குச் செம்பருத்தி. செடியையே மாற்றியிருக்கிறார்கள்! அந்த வெட்டுக்குள் இரண்டு, மூன்று வாரத்தை ஒளித்துவிட்டார்கள். வேலை முழுக்க அந்த வாரங்களில்தான் இருக்கிறது. மாவுப்பூச்சி கட்டுகிற பஞ்சுபோன்ற பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை. அந்தப் பஞ்சில் மருந்து ஊறுவதில்லை. ஒரு வாரம், பத்து நாளில் பொரித்து வருகிற குஞ்சின்மேல் மட்டும்தான் இன்னும் மாவு படிந்திருக்காது, மருந்து ஏறுகிற நேரம் அதுதான். அதனால்தான் 5 முதல் 7 நாளுக்கு ஒரு தடவை, குறைந்தது நான்கு தடவை அடிக்கச் சொல்வது. ‘ஒரே ஸ்பிரே’ என்று நம்பியவர் பதினோராம் நாள் பார்க்கும்போது செடி பழையபடி வெள்ளையாக நிற்கும். உடனே கடைக்குப் போய் வாயில் வந்த பூச்சிமருந்தை வாங்கி, அளவில்லாமல் கலந்து, சாப்பிடுகிற கீரைத் தொட்டிக்குப் பக்கத்தில் அடிப்பார்.

இன்னொரு கொடுமை, வெள்ளையாக எது தெரிந்தாலும் மாவுப்பூச்சி என்பது. செடியை ஆட்டினால் புகைபோலப் பறக்கிறதா, அது வெள்ளை ஈ. இலைக்கடியில் மெல்லிய வலை, மேலே ஊசி குத்தினமாதிரி மஞ்சள் புள்ளியா, அது சிலந்திப்பேன். வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள், புள்ளிகள் நகரும். சிலந்திப்பேன் எட்டுக்கால் இனம், பூச்சியே அல்ல. இமிடாகுளோபிரிட் என்கிற பூச்சிமருந்தை அடித்தால் சாகாது, பெருகக்கூடச் செய்யும். இலைக்கடியைத் தண்ணீரால் தினம் கழுவினாலே பாதி போய்விடும். மாவுப்பூச்சிக்கு மஞ்சள் ஒட்டு அட்டை கட்டித் தொங்கவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இறக்கையே இல்லாத பெண்பூச்சி பறந்து போய் எப்படி ஒட்டும்?

இத்தனைக்கும் பூச்சி வருவதே பெரும்பாலும் நர்சரிக் கவரோடுதான். புதுச் செடியை மூன்று வாரம் தனியாக வையுங்கள் என்று எந்த வீடியோவும் சொல்வதில்லை. கவரைப் பிரித்து வேரையும் பாருங்கள், வேரில் சுண்ணாம்புத் தூள் மாதிரி ஒட்டியிருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. ரோஜா என்றால் பார்க்கக்கூட விடமாட்டார்கள். வேரைச் சுற்றி ஒரு களிமண் உருண்டை! வெயிலில் செங்கல்லாக இறுகி, ஊற்றுகிற தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும், நடுவேர் தாகத்தில் சாகும். வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து வெளிமண்ணை மெதுவாக உதிர்க்காமல் அப்படியே நட்டால் அந்த ரோஜா ஒரு மாதம்கூடத் தாங்காது. யாரய்யா கண்டுபிடித்தது அந்த உருண்டையை?