டெமோவில் நொடி, புரொடக்‌ஷனில்?
போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 11ஆம் பதிப்பு முதல், டீஃபால்ட் மதிப்போடு (எதுவும் தராதபோது தானாக நிரம்புவது) டேபிளில் புது நெடுவரிசை சேர்ப்பது நொடியில் முடியும் என்று ஒரு மாநாட்டு டெமோவை வைத்து இந்தக் கட்டுரை சொல்வது பாதிதான் சரி. நிலையான மதிப்புக்கு அது பொருந்தும். ஒவ்வொரு ரோவுக்கும் தனி யூயூஐடி (ஒன்றுபோல் இன்னொன்று வராத அடையாள எண்) வேண்டுமென்று ரேண்டம் ஃபங்ஷனைக் கொடுத்தால் பழையபடி முழு டேபிளும் திருப்பி எழுதப்படும். அங்கே டீஃபால்ட் இல்லாமல் சேர்த்து, பிறகு டீஃபால்ட்டை செட் செய்து, பழைய ரோக்களை ஐயாயிரம் ஐயாயிரமாக அப்டேட் செய்யுங்கள். அதைவிடப் பெரிய தலைவலி லாக். நொடியில் முடியும் ஆல்டருக்கும் (டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளை) ஆக்சஸ் எக்ஸ்குளூசிவ் லாக், அதாவது வேறு யாரும் டேபிளைத் தொட முடியாத பூட்டு, வேண்டும். நீண்ட ரிப்போர்ட் குவெரி ஒன்று ஓடினால் ஆல்டர் காத்து நிற்கும், அதன் பின்னால் டேட்டாவைப் படிக்கும் சாதாரண செலெக்ட்கூட மாட்டிக்கொள்ளும். மேலே பின்னூட்டத்தில் ஒருவர் ‘ராத்திரி ஓட்டினால் போச்சு’ என்கிறார். ராத்திரிதானே பிஜி டம்ப் பேக்கப் ஓடுகிறது, அதுவும் முடியும்வரை லாக்கை விடாது! லாக் டைம்அவுட்டை (லாக்குக்காகக் காத்திருக்கும் உச்ச நேரம்) 2 நொடி வைத்து, கிடைக்காவிட்டால் சற்று விட்டு மறுபடி ஓட்டுங்கள்.