பங்கு மாறலாமா வேணாமா?

நாங்க சேந்திருக்கற கத்தோலிக்கக் கோயில் பங்க விட்டு பக்கத்துக் கோயில் பங்குக்குப் போயிடலாமான்னு, கொஞ்ச நாளா எங்க வீட்டுல இதே பேச்சுதான். நாங்க இருக்கறது தாம்பரம் தாண்டி, செங்கல்பட்டு மறைமாவட்டம் (ஒரு ஆயருக்குக் கீழ வர்ற பகுதி), 2002-ல சென்னை மயிலையில இருந்து பிரிச்சாங்களே அது. பக்கத்துப் பங்குல இங்கிலீஷ் பூசை இருக்கு, பாடற்குழு அருமையா பாடுது, மறைக்கல்வி கிளாஸ் ஒழுங்கா நடக்குது. எங்க பங்குல தமிழ்ப் பூசை மட்டும்தான். பொண்ணு இங்கிலீஷ் மீடியம், பிரசங்கம் ஆரம்பிச்சா மேல ஓடுற ஃபேனப் பாத்துட்டு உக்காந்துருப்பா. போதாததுக்கு பங்கு மக்களோட குழுவான பங்குப்பேரவையில திருவிழா கணக்குச் சண்டை வேற, பூசை முடிஞ்சு வெளிய வந்தா வாசல்லயே கத்திட்டு நிக்கிறாங்க. அங்கயே போயிடலாம்னு மனைவி சொல்றதுல நியாயம் இருக்கு.

ஆனா பூசைக்குப் போறது வேற, பங்கு மாறுறது வேற. ஞாயித்துக்கிழமை கட்டாயம் பாக்கவேண்டிய கடன்பூசைய எந்தக் கத்தோலிக்கக் கோயில்லயும் பாக்கலாம், சனிக்கிழமை சாயங்காலப் பூசையும் செல்லும், யாரையும் கேக்க வேணாம். பங்கு அப்படியில்ல, 1983 திருச்சபைச் சட்டப்படி பொதுவா எல்லை வச்சுத்தான், நாம குடியிருக்கற இடம் எந்த எல்லைக்குள்ள வருதோ அதுதான் நம்ம பங்கு. தெரிஞ்ச ஒரு குடும்பம் யார்கிட்டயும் சொல்லாம வேற கோயிலுக்குப் போயிட்டிருந்தாங்க, பொண்ணுக்குக் கல்யாணம் முடிவானப்போ அங்க புக்குல பேரே இல்ல, இங்க அன்பியத்துக்காரங்களுக்கு (அக்கம்பக்கத்துப் பங்குக் குடும்பங்க சேந்த ஜெபக்குழு) ஆளையே தெரியல, ஓலை வாசிக்க, அதாவது கல்யாண அறிவிப்ப கோயில்ல படிக்க, பங்கு லெட்டருக்காக ரெண்டு பக்கமும் அலைஞ்சாங்க. பங்குக்குக் குடும்பம் கட்டற சந்தா பாக்கிய மொத்தமா கட்டினாத்தான் லெட்டர்னு வேற சொல்லியிருக்காங்க, இது எனக்கு இன்னும் ஆறல. பணத்தக் காட்டி கல்யாணம் மாதிரி ஒரு திருவருட்சாதனத்த நிறுத்தி வைக்கறது பாவம்ங்க, எந்தப் பங்கா இருந்தாலும்.

சாமியார் பிடிக்கலன்னு மாறுறது எனக்கு ஒத்துவரல, அஞ்சாறு வருஷத்துல அவருக்கே மாற்றல் வந்துரும். ஆனா சாதி பாத்து கல்லறையில, தேர்ல ஒதுக்கி வைக்கிற இடத்துல இருக்கறவங்க கதை வேற. அப்போ விழுப்புரம் மாவட்டத்துல இருந்த எறையூர்ல தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதும், 2008-ல அது கலவரமாகி போலீஸ் துப்பாக்கிச்சூடு வரைக்கும் போனதும் நமக்குத் தெரியும். அவங்களப் பாத்து பொறுமையா இருங்கன்னு சொல்ல நமக்கு ஒரு தகுதியும் கிடையாது.

எங்க பிரச்சனை அந்த மாதிரி இல்ல. என் மாமனார் ராத்திரியில தவறினப்போ விடியறதுக்குள்ள அன்பியத்துக்காரங்க வந்துட்டாங்க, ஒருத்தர் சேர் எறக்குறார், ஒருத்தர் கோயில் உபதேசியாருக்கு ஃபோன் போட்டு குழி வெட்ட ஆள் சொல்றார், எதிர் வீட்டு அக்கா ஜெபமாலைய ஆரம்பிச்சு விட்டுட்டு அப்படியே போய் எல்லாருக்கும் காபி போட்டாங்க. கணக்குச் சண்டை போடுறாங்களே ரெண்டு குடும்பம், அந்த ரெண்டு வீட்டு ஆம்பளைங்களும்தான் பெட்டியத் தூக்கினாங்க. அவங்கள விட்டுட்டு பாட்டு நல்லா இருக்குன்னு எப்படிங்க போறது?

அதனால இருக்கறதுன்னு முடிவு. பொண்ணு எப்பவாவது இங்கிலீஷ் பூசைக்குப் போகட்டும், ஆனா முதல் நற்கருணை வாங்குற புதுநன்மை இங்கதான். மாசத்துக்கு ஒரு இங்கிலீஷ் பூசை வைக்கணும், திருவிழா கணக்க நோட்டீஸ் போர்டுல ஒட்டணும், சந்தாவுக்காக லெட்டர நிறுத்தக் கூடாதுன்னு பங்குத்தந்தைக்கு மனு எழுதியிருக்கேன். நம்ம பங்குக்காரங்க இதப் படிச்சா ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் மாதா கெபிகிட்ட நிப்பேன், வந்து கையெழுத்துப் போடுங்க.