கடிவாயில் சீரம் போட்டார்களா?

நாய்க்கடி பற்றி முகநூலில் சண்டை நடக்காத வாரமே இல்லை. 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. பதினோரு நாளில் அதையே திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடுங்கள், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதீர்கள் என்றது. அன்றிலிருந்து ஊரே இரண்டு கட்சியாகக் கிடக்கிறது. இரண்டு கட்சியும் பேசாத விஷயம் ஒன்று உண்டு: கடிபட்டவருக்கு முதல் நாள் மருத்துவமனையில் என்ன செய்தார்கள்? ரேபிஸில் உயிர் பிழைப்பதும் போவதும் பெரும்பாலும் அந்த ஒரு நாளில்தான் முடிவாகிறது.

முதலில் கணக்கு. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸால் இறக்கிறார்கள் என்பது மதிப்பீடு. 99 சதவீதம் நாய் வழியாக வருவது. இறப்பவர்களில் ஐந்தில் இரண்டு பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் விலங்குக்கடிகள், சுமார் 5,700 மரணங்கள். கடிபட்டவர்களில் ஐந்தில் ஒருவர் ஓர் ஊசிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டில் 2024-இல் மட்டும் பதிவான நாய்க்கடிகள் 4.8 லட்சத்துக்குப் பக்கம், ரேபிஸ் மரணங்கள் 40-க்கும் மேல்.

இதில் ஊசியே போடாமல் இறந்தவர்களைப் பற்றி எல்லோருக்கும் புரிகிறது. "ஊசிதான் போட்டாங்களே, அப்புறம் எப்படி?" என்ற கேள்விக்குத்தான் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. கேரளத்தில் 2025-இல் ஊசி போட்ட குழந்தைகளே இறந்தபோது, "மருந்தே போலி" என்று வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றியது. மருந்தைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு: கடி உடம்பில் எங்கே, கடிவாயில் என்ன செய்தார்கள்.

ரேபிஸ் கிருமி ரத்தத்தில் ஓடுவதில்லை. எச்சிலோடு புண்ணுக்குள் இறங்கி, சில காலம் தசையில் இருந்து, பிறகு நரம்பு முனைக்குள் புகுந்து கொஞ்சம் கொஞ்சமாக மூளையை நோக்கி நகர்கிறது. நரம்புக்குள் போய்விட்டால் நம் எதிர்ப்பாற்றல் அதைத் தொடுவது கடினம். நோய்க்குறி தெரிய ஆரம்பித்துவிட்டால் மருத்துவம் கிட்டத்தட்டக் கைவிரித்துவிடும். தடுப்பூசி போட்ட உடம்பு தானாக எதிர்ப்பொருள் தயாரிக்க 7 முதல் 14 நாள் பிடிக்கும். கணுக்காலில் கடி என்றால் கிருமி போக வேண்டிய தூரம் அதிகம், அந்த அவகாசம் பெரும்பாலும் கிடைத்துவிடும். முகம், தலை, கழுத்து, விரல் நுனி என்றால் தூரம் குறைவு அல்லது நரம்பு அடர்த்தி அதிகம், அவகாசம் கிடைக்காது. தெருநாயின் வாய் உயரத்தில் முகம் இருப்பது மூன்று நான்கு வயதுக் குழந்தைக்குத்தான். குழந்தைகள் ஏன் அதிகம் சாகிறார்கள் என்பதற்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

அந்த முதல் இரண்டு வாரத்தை அடைப்பதற்கு இருப்பவை இரண்டே வழிகள். ஒன்று சோப்பு, இன்னொன்று சீரம்.

சோப்பைப் பற்றிச் சொன்னால் பலருக்கும் அலட்சியம். இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும். குளியல் சோப்போ துணி துவைக்கிற பார் சோப்போ, எதுவானாலும் சரி. ஆனால் 15 நிமிடம், ஓடும் தண்ணீரில், புண்ணின் உள்ளே வரைக்கும். கடிகாரம் பார்த்துக் கழுவினால்தான் 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். பெரும்பாலோர் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு, மஞ்சளோ சுண்ணாம்போ காப்பித்தூளோ அப்பிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். மிளகாய்ப்பொடி போடுகிற ஊர்களும் உண்டு. அதையெல்லாம் கழுவி எடுக்கவே தனியாகப் பத்து நிமிடம் வேண்டும். கழுவிய பிறகு பொவிடோன் அயோடின் என்கிற கிருமிநாசினி போடலாம். கட்டு போடத் தேவையில்லை, திறந்தே இருக்கட்டும். கடித்துப் பல மணி நேரம் ஆகிவிட்டாலும் மருத்துவமனையில் மறுபடி கழுவ வேண்டும்.

மருத்துவமனையில் எங்கே கழுவுவது? நாய்க்கடி ஊசி போடுகிற அறைக்குள் போய்ப் பாருங்கள். மேசை, ஐஸ் பெட்டி, பதிவேடு, ஊசி வெட்டும் மெஷின் எல்லாம் இருக்கும். குழாய் இருந்தால் அது டாக்டர் கை கழுவுகிற பேசின், இடுப்பு உயரத்தில். கடியில் பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழே. அறுபது வயதுப் பாட்டி இடுப்பு உயரத்துக்குக் காலைத் தூக்கி வைத்து 15 நிமிடம் எப்படி நிற்பார்? கால் வைக்கிற உயரத்தில் ஒரு தொட்டி, ஒரு குழாய், உட்கார ஒரு ஸ்டூல், சுவரில் ஒரு சோப்பு, ஒரு கடிகாரம். இதற்கு ஆகும் செலவு பொன்னாடையும் பிளக்ஸ் பேனரும் வைத்து நடக்கிற ஒரு விழிப்புணர்வு விழாவின் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

அடுத்தது சீரம். ரேபிஸ் இம்யூனோகுளோபுலின் என்பது பெயர், ஆஸ்பத்திரி வழக்கில் "சீரம்". வெளியே தயாரான எதிர்ப்பொருளை நேராகக் கடிவாயிலேயே கொண்டுபோய் வைப்பது. தோலைக் கிழித்து ரத்தம் வந்த கடி அல்லது கீறல், ஏற்கெனவே இருந்த புண்ணில் நாய் நக்கியது, கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டது எல்லாமே மூன்றாம் வகை. இவற்றுக்குத் தடுப்பூசியோடு சீரமும் கட்டாயம். ரத்தம் வராத சிறு கீறல் இரண்டாம் வகை, தடுப்பூசி மட்டும் போதும். நல்ல தோலில் நக்கியதும் தடவிக்கொடுத்ததும் முதல் வகை, கழுவினால் போதும்.

அளவு எடைக்கு ஏற்ப. மனித ரத்தத்திலிருந்து எடுக்கும் மனித சீரம் கிலோவுக்கு 20 யூனிட், குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் குதிரை சீரம் கிலோவுக்கு 40 யூனிட். வழக்கமாகக் கிடைக்கும் மனித சீரம் ஒரு மில்லிக்கு 150 யூனிட், குதிரை சீரம் 300 யூனிட் என்பதால் கணக்கு ஒன்றாகவே வரும்: 60 கிலோ ஆளுக்கு அதிகபட்சம் 8 மில்லி, 15 கிலோ குழந்தைக்கு 2 மில்லி. குழந்தைக்கு நாலைந்து இடத்தில் கடி இருந்தால் 2 மில்லி எல்லாப் புண்ணுக்கும் போதாது. அப்போது அளவைக் கூட்டக் கூடாது. கூட்டினால் தடுப்பூசியின் வேலையை அது மட்டுப்படுத்தும். சலைன் கலந்து இரண்டு மூன்று மடங்காக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு புண்ணின் ஆழத்திலும் ஓரங்களிலும் இறக்க வேண்டும். ஒரு சின்னப் புண்ணைக்கூட விடக் கூடாது. விட்ட இடத்தில் கிருமிக்கு வழி திறந்தே இருக்கும்.

தவறு நடப்பது இங்கேதான். கத்துகிற குழந்தையின் கன்னத்தில் நாலு இடம் குத்த யாருக்கும் மனம் வராது. சில இடங்களில் அத்தனையையும் பிட்டத்தில் ஒரே ஊசியாகப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். சீட்டில் "சீரம் கொடுக்கப்பட்டது" என்று இருக்கும், கடிவாயில் ஒரு சொட்டு போயிருக்காது. புண் சிறிதாக இருந்து மருந்து மிஞ்சினால் அதைத் தூரத்துத் தசையில் போடுவதால் பெரிய பலன் இல்லை என்பது 2018 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மிஞ்சியதைக் கிருமி படாமல் எடுத்து அடுத்த நோயாளிக்குப் பயன்படுத்தலாம். சீரம் போடுமுன் தையல் போடுவது இன்னொரு தவறு. தையல் ஊசி கிருமியை ஆழத்துக்குத் தள்ளும். தையல் போட்டே தீர வேண்டிய புண் என்றால் முதலில் சீரம், சில மணி நேரம் கழித்துத் தளர்வாக ஒன்றிரண்டு தையல். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் தாண்டிவிட்டால் சீரமே கொடுக்கக் கூடாது; அதற்குள் உடம்பே எதிர்ப்பொருள் தயாரிக்க ஆரம்பித்திருக்கும்.

சரி, சீரம் எங்கே கிடைக்கும்? 15 மாநிலங்களில் நடந்த ஐ.சி.எம்.ஆர். கள ஆய்வில், அரசு சுகாதார மையங்களில் ஐந்தில் நான்கில் தடுப்பூசி இருந்தது, ஐந்தில் ஒன்றில்தான் சீரம் இருந்தது. மருந்தே இருந்தாலும் சின்ன ஆஸ்பத்திரியில் போடத் தயங்குகிறார்கள். குதிரை சீரம் ஒவ்வாமை கிளப்பிவிடும் என்ற பழைய பயம் அது. இன்றைய சீரம் நன்றாகச் சுத்திகரிக்கப்பட்டது. தோலில் சோதனை ஊசி போட்டுப் பார்த்து முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால் அந்தச் சோதனையையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் மருந்து பக்கத்தில் தயாராக இருந்து, போட்ட பிறகு கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பார்த்தால் போதும். ஆனால் நடப்பது: ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் தடுப்பூசி, "சீரத்துக்கு ஜி.எச். போங்க" என்று ஒரு சீட்டு. ஜி.எச். 40 கிலோமீட்டர். மறுநாள் கூலி போகும். கை வலி குறைந்துவிட்டது, ஊசியும் ஒன்று போட்டாயிற்று. யார் போகிறார்கள்?

என் கோரிக்கை எளிது. தடுப்பூசி இருக்கிற எல்லா இடத்திலும் சீரமும் இருக்கட்டும். முடியாது என்றால் ரெஃபர் செய்கிற மூன்றாம் வகைக் கடிக்கு 108 வண்டி கொடுங்கள். பிரசவ வலிக்கு வண்டி அனுப்புகிற மாநிலம் இதற்கும் அனுப்பலாம்.

தடுப்பூசி விஷயம் ஒப்பிட்டால் நன்றாகவே நடக்கிறது. அரசு மையங்களில் தோலுக்குள் போடுகிற முறை: இரண்டு புஜத்திலும் 0.1 மில்லி வீதம், 0, 3, 7, 28-ஆம் நாட்களில். சரியாகப் போட்டால் தோல் கொப்புளம் மாதிரி எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் மருந்து ஆழத்துக்குப் போய்விட்டது, பக்கத்திலேயே மறுபடி போட வேண்டும். தனியாரில் ஒரு குப்பி மருந்து முழுவதையும் தசையில் போடுகிறார்கள்: 0, 3, 7, 14, 28. தசையூசியைப் பிட்டத்தில் போடக் கூடாது, கொழுப்பில் தேங்கி வீணாகும். கைக்குழந்தைக்குத் தொடையின் பக்கவாட்டில். ஏற்கெனவே முழுக் கோர்ஸ் முடித்தவரை மறுபடி நாய் கடித்தால் 0, 3 ஆகிய இரண்டு நாள் ஊசி போதும், சீரம் வேண்டாம். அதனால் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள்.

28-ஆம் நாள் ஊசியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பத்தியம் இருக்க வேண்டும், கறி மீன் கூடாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நாலு வாரம் பத்தியம் தாங்காமல் ஊசியையே நிறுத்திவிடுவார்கள். பத்தியம் எதுவும் கிடையாது. கர்ப்பிணியும் போடலாம், பால் கொடுக்கிற தாயும் போடலாம். "தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி" என்ற பயமும் இன்னும் போகவில்லை. செம்மறியாட்டு மூளையில் செய்த அந்தப் பழைய மருந்தை நம் நாட்டில் 2004 கடைசியோடு நிறுத்திவிட்டார்கள்.

"நம்ம வீட்டு நாய்தான், தடுப்பூசி போட்டது" என்பதும் சரியான காரணம் ஆகாது. "குட்டிதானே" என்பது அதைவிட மோசம். இரண்டு மாதக் குட்டியிடமிருந்தும் ரேபிஸ் வரும். பூனை, குரங்கு, கீரி கடிக்கும் இதே சிகிச்சைதான். வீட்டு எலிக்கும் அணிலுக்கும் பொதுவாகத் தேவையில்லை. நாயைப் பத்து நாள் பார்த்துக்கொள்ளச் சொல்வது ஊசியை ஆரம்பித்துவிட்டுப் பார்ப்பதற்கு. பார்த்துவிட்டு ஆரம்பிப்பதற்கு அல்ல.

இப்போது நாய்க்கு வருவோம். மனிதருக்கு ஊசி போட்டுக்கொண்டே இருப்பது ஒழுகுகிற கூரைக்குக் கீழே வாளி வைக்கிற கதை. கூரையை அடைக்க ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்கு, குறுகிய காலத்துக்குள், ஆண்டுதோறும் தடுப்பூசி போட வேண்டும். கோவாவில் அதைத்தான் செய்தார்கள். வலையோடு தெருத் தெருவாகப் போய்ப் பிடித்து, ஊசி போட்டு, சாயம் பூசி அங்கேயே விட்டார்கள். 2018 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மனித ரேபிஸ் மரணம் இல்லாமல், 2021-இல் ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலமாக அறிவிக்கப்பட்டது. இலங்கையில் 1973-இல் 377 பேர் இறந்தார்கள். நாய்த் தடுப்பூசியும் மனிதருக்கான சிகிச்சையும் பரவலான பிறகு அந்த எண்ணிக்கை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது.

நம் ஊரில் தடுப்பூசியைக் கருத்தடையோடு கட்டிப் போட்டிருப்பதுதான் சிக்கல். கருத்தடைக்கு அறுவை அரங்கு வேண்டும், கூண்டு வேண்டும், சில நாள் வைத்துப் பார்க்க இடம் வேண்டும். தடுப்பூசிக்கு ஒரு வலையும் ஐஸ் பெட்டியும் பயிற்சி பெற்ற நாலு பேரும் போதும். சென்னையில் 2024 கணக்கெடுப்பில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். அதில் 70 சதவீதம் என்றால் 1.26 லட்சம் ஊசி. 2025 ஆகஸ்டில் மாநகராட்சி அதைத் தனி இயக்கமாகத் தொடங்கியது சரியான முடிவு. ஆனால் ஒரு தடவை போட்டுப் படம் எடுத்துவிட்டு நிறுத்தினால், அடுத்த இரண்டு ஈற்றுக்குள் ஊசி போடாத குட்டிகள் தெருவை நிரப்பிவிடும்.

நாய்ப் பிரியர்களிடம் கேட்பது ஒன்றுதான்: தினமும் சோறு வைக்கிற கை உங்களுடையது. வலைக்கு நிற்காத நாய் உங்கள் கைக்கு நிற்கும். ஊசி வண்டி வரும் நாளில் நீங்கள் கூட நின்றால் பாதி வேலை முடிந்தது. அப்படி நிற்பவர்களும் நாய் பிடிக்கிற தொழிலாளர்களும் கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. போட்டிருந்தால் பிறகு கடிபட்டாலும் சீரம் தேடி அலைய வேண்டாம். நாய் பிடிக்கும் வேலையை ஒப்பந்தத்துக்கு விடுகிற நகராட்சிகள் டெண்டர் நிபந்தனையில் "அனைத்துத் தொழிலாளர்களுக்கும் முன்தடுப்பு ஊசி போட்ட சான்று இணைக்கப்பட வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்கலாம். உங்கள் ஊர் டெண்டரில் அந்த வரி இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கட்டணம் பத்து ரூபாய்.