அது வெள்ளி முத்திரை இல்லை

மூணாறு எஸ்டேட் பங்களாச் சாமானோடு வந்த புகைபிடிக்கும் பைப் ஒன்றைத் தம்பி ஒருவர் படம் போட்டதுக்குக் கீழே, "வளையத்தில் மூன்று முத்திரை இருக்கு, அசல் வெள்ளி, லண்டன், 1890" என்று ஒரு அண்ணன் அடித்துச் சொல்லியிருக்கிறார். மன்னிக்கணும் அண்ணே, வெள்ளி, லண்டன், 1890 மூன்றுமே தப்பு.

படத்தைப் பெரிசாக்கிப் பாருங்கள்: மூவிலை, படுத்த நாய் (நரி என்பாரும் உண்டு), உருண்டைக் கோபுரம். அயர்லாந்தின் டப்ளினில் பைப் செய்யும் பீட்டர்சன் கம்பெனி, வாய்க்குழல் சேரும் இடத்து நிக்கல் வளையத்தில் அழகுக்காக அடித்த குறிகள் இவை. பார்வைக்கு வெள்ளி முத்திரை மாதிரியே இருக்கும், ஏமாறுவது சகஜம். அந்தக் கால லண்டன் வெள்ளி என்றால் நடக்கும் சிங்கமும் சிறுத்தைத் தலையும் வேண்டும். நங்கூரம் இருந்தால் பர்மிங்காம். டப்ளின் வெள்ளிக்கோ கிரீடம் வைத்த யாழும், உட்கார்ந்த பெண்ணும், வருடத்துக்கான எழுத்தும். உங்கள் மூன்று குறிகளுக்குப் பக்கத்திலேயே 'கே அண்ட் பி' என்றும் இருக்கிறதே, அது காப் அண்ட் பீட்டர்சன், அதே கம்பெனியின் பெயர்தான்.

வருடத்துக்கு உலோகத்தை விட்டுவிட்டு மரத்தைப் பாருங்கள். புகையிலை போடும் கிண்ணத்தின் பக்கவாட்டில் 'ரிபப்ளிக் ஆஃப் அயர்லாந்து' என்று தேய்ந்து கிடக்கிறது. அயர்லாந்து குடியரசானதே 1949-ல்தான். அப்புறம் 1890 எங்கிருந்து வரும்? வாய்க்குழலில் புகைத்துளை மேல்நோக்கி இருக்கிறது என்பதையும் பழமைக்குச் சாட்சியாகச் சொன்னீர்கள். அந்த அமைப்புக்கு 1898-ல் காப்புரிமை வாங்கினார்கள், பிறகு பல காலம் அதே வடிவில் செய்தார்கள். அதை வைத்து வயது சொல்ல முடியாது.

படம் போட்ட தம்பி, பைப் நல்ல பைப்தான். ஆனால் வெள்ளி விலை கேட்டு யாரிடமும் போய் நிற்காதே. அந்த எழுத்து இருக்கும் பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் விடாதே.