ரிசீவரை அறுத்தால்தான் கணக்கு
மக்கள் வேண்டாமென்று ஒப்படைக்கும் துப்பாக்கிகளைத் தேவாலயங்கள் சேகரிப்பது பற்றிய ஒரு கட்டுரை, அவற்றைக் காவல்துறையிடம் கொடுத்தால் அழிந்துவிடும் என்று போகிற போக்கில் சொல்கிறது, அங்கேதான் இடிக்கிறது. அமெரிக்காவில் பல காவல்துறைகள் இந்த வேலையைத் தனியாரிடம் விட, அவர்கள் சட்டப்படி ‘துப்பாக்கி’ எனப்படும் ரிசீவரை (சுடும் பொறியைத் தாங்கும் நடுவுடலை) மட்டும் நசுக்கிவிட்டு மற்ற பாகங்களை விற்றதை 2023 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. அதற்கு மாற்று, தேவாலய வாகன நிறுத்துமிடத்திலேயே பல சமயத்தாரும் கூடி, உரிமையாளர் கண்முன் அறுத்துப்போடும் ‘கன்ஸ் டு கார்டன்ஸ்’ (துப்பாக்கியிலிருந்து தோட்டத்துக்கு) முறை. கொண்டுவருபவர் காரைவிட்டு இறங்குவதில்லை. துப்பாக்கி டிக்கியில் இருக்கும், பயிற்சி பெற்றவர்தான் எடுப்பார். தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றினால் துப்பாக்கி காலியாகிவிடும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு, குழலின் பின்முனையில் உள்ள சேம்பரில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். வாங்குபவரின் குற்றப் பின்னணியைச் சோதிக்காமல் தேவாலயம் துப்பாக்கியை வாங்கலாமா என்று சிலர் கேட்கலாம்: அறுத்து முடியும்வரை அது கொண்டுவந்தவருடையதே, கைமாறுவது வெறும் இரும்புத் துண்டுகள். ஆனால் ரிசீவரில் ஒரே வெட்டு போட்டால் வெல்டிங்கில் ஒட்டிவிடலாம். அமெரிக்க அரசின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு அமைப்பான ஏடிஎஃப் பரிந்துரைப்பது கேஸ் டார்ச்சால் மூன்று வெட்டு, ஒவ்வொன்றிலும் கால் அங்குல உலோகமாவது போக வேண்டும். அறுப்பு இயந்திரத்தின் தகடு மெல்லியது, எனவே கூடுதலாகவே நறுக்க வேண்டும். சிலர் முதலில் குழலோடு மல்லுக்கட்டுகிறார்கள்; சட்டத்தின் கண்ணில் அது வெறும் குழாய்தான்.