பாத்திக் துணி விற்று வாங்கிய ஊர்

சென்னையை அடுத்துக் கடலோரத்தில் இருக்கும் சோழமண்டலம் கலைக்கிராமத்துக்குப் போய்விட்டு வந்து யாராவது படம் போட்டால், கீழே தவறாமல் ஒருவர் "கலைஞர்களின் சொர்க்கம்" என்று எழுதிவிடுகிறார். எனக்கு அதைப் படித்தாலே எரிச்சல் வரும். சொர்க்கமும் இல்லை ஒன்றும் இல்லை. கணக்குப் போட்டுக் கட்டிய ஊர் அது.

1960களில் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர். நன்றாக வரைகிற பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் வயிற்றுப்பாட்டுக்காக ஏதோ ஒரு வேலைக்குப் போய், தூரிகையையே மறந்துவிடுகிறார்களே என்பது அவருடைய கவலை. அன்றைய மெட்ராஸில் நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க ஆளும் அதிகம் இல்லை. ஆசிரியரும் மாணவர்களும் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். மெழுகு பூசிச் சாயத்தில் தோய்த்தெடுக்கும் பாத்திக் துணி, அப்புறம் தோல் வேலை, உலோக வேலை. விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தின் கடலோர மணலில் நிலம் வாங்கி, 1966ல் அங்கே கலைக்கிராமத்தைத் தொடங்கினார்கள். அப்போது ஈசிஆர், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலை, என்ற பெயரே கிடையாது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், கைவினையை அவர்கள் கௌரவக் குறைச்சலாக நினைக்கவில்லை என்பது. கொஞ்ச நேரம் துணிக்குச் சாயம், மிச்ச நேரம் கேன்வாஸ். அரிசி பருப்பைத் துணி பார்த்துக்கொள்ளும். ஓவியம் யாருக்கும் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பாருங்கள். ஜாதகக் கட்டம் மாதிரி, பள்ளிக்கூடக் கணக்கு நோட்டு மாதிரி இருக்கும். வரவேற்பறைக்கு அழகாக இருக்குமா என்று யோசிக்கிறவர் அப்படி வரைந்திருக்கவே மாட்டார்.

2009ல் அங்கே பணிக்கர் பெயரிலேயே மெட்ராஸ் கலை இயக்கத்துக்கான, அதாவது அவரும் அவர் காலத்துக் கலைஞர்களும் சென்னையில் வளர்த்த நவீன கலைப் போக்குக்கான, அருங்காட்சியகம் திறந்தார்கள். போனால் அந்த ஊரில் வாழ்ந்த ஓவியர் கே. ராமானுஜத்தின் படங்களை விட்டுவிடாதீர்கள். கருப்பு மையில் கோட்டோடு கோடு இழைத்து மாளிகைகள், விசித்திர மிருகங்கள், பறக்கும் உருவங்கள். நடுவில் தொப்பி வைத்த ஒரு ஆள் வருவார். அது ராமானுஜமேதான். மனநோயோடு போராடியவர், 1973ல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஊரால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அவர் வரைந்துகொண்டிருக்க இடம் கொடுத்தது அந்த ஊர்தான்.

சரி, இன்றைக்கு வருவோம். ஈசிஆர் நில விலையில், இப்போது கல்லூரி முடித்து வருகிற பையனோ பெண்ணோ அரை சென்ட்கூட வாங்க முடியாது. போன வருடம் என் நண்பர் ஒருவர் நகரத்தில் ஒரு தனியார் கூடத்தில் கண்காட்சி வைத்தார். கூடத்து வாடகை, ஃபிரேம், அழைப்பிதழ், திறப்பு விழா ஜூஸ் பிஸ்கட் வரை எல்லாம் கைக்காசு. வந்தவர்கள் எல்லோரும் படங்களுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். விற்றது இரண்டு. அது ஃபிரேம் கடைக்கே பற்றவில்லை. இதைத்தான் நாம் கலைஞருக்கு 'வாய்ப்பு' கொடுப்பது என்கிறோம்!

இன்னொரு குறையும் உண்டு. சோழமண்டலத்துக்குக் கூட்டிப்போன ஆட்டோக்காரர், அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர், உள்ளே வாங்க என்றதற்கு, "அது பெரிய ஆளுங்க இடம் சார்" என்று சொல்லிவிட்டார். நுழைவுக் கட்டணம் பெரிய தொகை இல்லை. ஆனால் வா என்று யாரும் கூப்பிடவில்லையே. சுற்றுவட்டாரத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக வரவழைத்து, வெளியே மரத்தடியில் இருக்கும் சிற்பங்களுக்கு நடுவில் தாளும் கரியும் கொடுத்து உட்காரவைத்தால் போதும். அவர்களே அடுத்த வாரம் அம்மா அப்பாவை இழுத்துக்கொண்டு வருவார்கள். இது அந்த ஒரு இடத்துக்கு மட்டும் சொல்வதில்லை, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் சேர்த்துத்தான்.

பணத்துக்கு வழி? பணிக்கரின் கணக்கையே திரும்பப் போடலாம். அவர் முதல்வராக இருந்த அதே அரசுக் கல்லூரியில் இன்று ஓவியம், சிற்பத்தோடு பீங்கான், துணி வடிவமைப்புக்கும் தனித்துறைகள் இருக்கின்றன. அங்கே படித்து வெளியே வந்தவர்கள் செய்யும் கோப்பைக்கும் துணிக்கும் ஊர் நடுவில் அரசு ஒரு நிரந்தரக் கடை போட்டுத் தரட்டும். லாபத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துவைத்து, கல்லூரி முடித்து ஐந்து வருடம் ஆகாதவர்களுக்குக் கண்காட்சிக் கூடத்து வாடகையைக் கட்டலாம். அந்தக் கடையில் முதல் கோப்பையை வாங்க நான் தயார்.