பேட்டரி புதுசு, பாய்!

(வேலூர் கஸ்பா பக்கம் ஒரு கார் எலக்ட்ரிக் கடை. சார், ஆஸ்பத்திரிப் பக்கம் லாட்ஜ் நடத்துகிறவர். பாய், கடைக்காரர்.)

சார்: பாய், பேட்டரிய மாத்திடு.

பாய்: வாங்க சார். இன்னா ஆச்சு வண்டிக்கு?

சார்: இன்னா ஆச்சுன்னு நானே கண்டுபுடிச்சிட்டன். பேட்டரி லைட்டு எரியுது. சீக்கிரம் மாத்திடு, அசாம் பார்ட்டி ஒண்ணு ரூம் காலி பண்றாங்க, நான் போயி பக்கெட்டு, மக்கு எல்லாம் எண்ணணும்.

பாய்: இந்த பேட்டரி எப்ப போட்டது?

சார்: புதுசு, பாய்! போன மாசந்தான் போட்டன்.

பாய்: அப்ப அதுக்கு முன்னாடி இருந்தது பழசா?

சார்: அதுவும் புதுசுதான். ஆடில போட்டது.

பாய்: அதுக்கும் முன்னாடி?

சார்: அது பழசு. நாலு வருஷம் ஓடுச்சு. கத்திரி வெயில்ல பூடுச்சி.

பாய்: அது செத்தது நியாயம் சார். குளுருல பேட்டரி மக்கர் பண்ணும், அவ்ளோதான். ஆயுச குறைக்கறது வெயிலு. நம்ம ஊரு வெயில்ல நாலு வருஷம் தாங்கினதுக்கு நீங்க அதுக்கு மாலை போட்டு அனுப்பியிருக்கணும். அப்பறம் வந்த ரெண்டும் இன்னா பாவம் பண்ணுச்சி?

சார்: மாலை போடலியே தவிர, ரெண்டயும் மஞ்ச குங்குமம் வெச்சி, சூடம் காட்டித்தான் ஏத்தினன். அப்பவும் லைட்டு எரியுது. படம் போட்டு காட்டுது பாய்! சின்ன பெட்டி, அதுல ஒரு பிளஸ்ஸு, ஒரு மைனஸ்ஸு. ஆயில் படம் வந்தா ஆயில பாக்கணும், பேட்டரி படம் வந்தா பேட்டரிய மாத்தணும். படிக்கத் தெரியாதவனுக்கும் புரியுமே.

பாய்: அது பேட்டரி குடுக்கற புகாரு சார். இஞ்சின் ஓடறப்ப கரண்டு குடுக்கற டைனமோலேர்ந்து எனக்கு வரவேண்டியது வரலன்னு அழுவுது. நீங்க ஒவ்வொரு வாட்டியும் புகார் குடுத்தவனயே புடிச்சி உள்ள போட்டுட்டு வரீங்க.

(இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் யோசிப்பார்கள். சார் பர்ஸை எடுத்துப் பார்க்கிறார்.)

சார்: ஆனா புதுசு போட்டதும் நாலு நாளு நல்லாத்தான் இருக்குது. அப்ப கோளாறு பேட்டரிலதான?

பாய்: புது பேட்டரி கடையிலயே சார்ஜ் ஏறித்தான் வருது. அத்த தின்னுகினே வண்டி ஓடுது. தீந்ததும் நீங்க மறுபடியும் கடைக்கு போறீங்க. இதுக்கு பேரு பேட்டரி மாத்தறது இல்ல சார், வாட்டிக்கு ஐயாயிரம் குடுத்து சார்ஜ் போட்டுக்கறது.

சார்: அந்த கடைக்காரன் இத்த சொல்லலியே.

பாய்: அவன் மேல தப்பு சொல்ல மாட்டன். நீங்க பேட்டரி குடுன்னீங்க, அவன் பேட்டரி குடுத்தான். இட்லி கேட்டவன்கிட்ட உனக்கு பசிக்குதான்னு எவன் கேக்கறான்? சரி, லைட்டு எப்ப எரியுது? பளிச்சுனு எரியுதா, மங்கலா எரியுதா?

சார்: போன ஞாயித்துக்கெழம ஆம்பூர் போயி பிரியாணி வாங்கிகினு ராத்திரில திரும்பி வந்தன். ஏ.சி., ஹெட்லைட்டு, பாட்டு எல்லாம் ஓடிகினு இருந்துச்சி. பள்ளிகொண்டா டோல்கேட்டு தாண்டினதும் பாத்தா மங்கலா எரியுது. ஆமா பாய், அந்த பல்பும் வீக்கா கீது போல. அதயும் மாத்திடு.

பாய்: பல்ப தொடாதீங்க சார்! இந்த வண்டில ஒழுங்கா வேல செய்யறது அது ஒண்ணுதான்.

சார்: ரெண்டாவது தபா போனப்ப அங்க இருந்த பையன் சொன்னான், அந்த பல்ப கழட்டிட்டா தொல்லையே இல்ல, எரியவே எரியாதுன்னு.

பாய்: எரியாது. டைனமோவும் எழுந்திரிக்காது. உங்களுது மாதிரி பழைய வண்டில அந்த பல்பு வழியாத்தான் டைனமோவுக்கு மொத கரண்டே போவுது. அதுனாலதான் சாவி போட்டதும் அது எரியணும், இஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அணையணும். சாவி போட்டும் எரியலன்னா அப்ப ஓடி வாங்க. எரியுதுன்னு ஓடி வரீங்க, எரியாம போனா சந்தோஷமா வீட்டுக்கு போயிடுவீங்க.

சார்: சரி, மங்கலா எரிஞ்சா இன்னா அர்த்தம்?

பாய்: பல்புக்கு ஒரு பக்கம் டைனமோ, ஒரு பக்கம் பேட்டரி. ரெண்டு பக்கமும் ஒரே வோல்ட்டேஜ் இருந்தா எரியாது. டைனமோ சுத்தமா படுத்துட்டா பளிச்சுனு எரியும். மங்கலா எரிஞ்சா டைனமோ குடுக்குது, ஆனா பேட்டரிக்கு பாதி வழிலயே காணாம போவுதுன்னு சந்தேகப்படணும். இப்ப வர வண்டில எந்த லைட்டு எரியணும்னு கம்ப்யூட்டரு முடிவு பண்ணுது, அது வேற கத. பானெட்ட தூக்குங்க.

சார்: பேட்டரி புதுசு பாய், பாத்து.

(பாய் டைனமோவைச் சுற்றவைக்கும் பெல்ட்டைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்க்கிறார். டார்ச் அடித்து விளிம்பைப் பார்க்கிறார். பெல்ட்டில் குறை இல்லை. மீட்டரை எடுத்து பேட்டரியில் வைக்கிறார்.)

பாய்: இன்னா காட்டுது, நீங்களே படிங்க.

சார்: 12.1. பாத்தியா! பன்னண்டு வோல்ட்டு பேட்டரி, பன்னண்டுக்கு மேலயே கீது. நான்தான் சொன்னனே, புதுசுன்னு.

பாய்: பன்னண்டுங்கறது அதுக்கு வெச்ச பேரு சார். வண்டி ஆஃப்ல நிக்கறப்ப 12.6 இருந்தாதான் முழு சார்ஜ். 12.2னா பாதி. இது பாதிக்கும் கீழ. ஸ்டார்ட் பண்ணுங்க. ஹெட்லைட்டு போடுங்க, ஏ.சி. போடுங்க.

(செல்ஃப் இரண்டு முறை முனகி, மூன்றாவதில் இஞ்சின் பிடிக்கிறது.)

பாய்: இப்ப படிங்க.

சார்: 12.0. ஸ்டார்ட் பண்ணா ஏறணும் இல்ல?

பாய்: ஏறணும். 13.8லேர்ந்து பதினாலரைக்குள்ள நிக்கணும். பதினைந்துக்கு மேல போனா அதுவும் தப்பு, பேட்டரி தண்ணி கொதிச்சி வத்திடும்.

சார்: அப்ப டைனமோ போச்சு! எங்க மச்சான் அப்பவே போன்ல சொன்னான். டைனமோவ மாத்திடு.

பாய்: இருங்க.

சார்: இன்னா இருங்க? மச்சான் ஒரு வீடியோவும் அனுப்பினான். இஞ்சின் ஓடறப்பவே பேட்டரி டெர்மினல கழட்டணுமாம். வண்டி நின்னா டைனமோ அவுட்டு, ஓடினா டைனமோ நல்லாகீது. ஸ்பானர குடு, நான் கழட்டறன்.

பாய்: கைய எடுங்க சார்! அம்பாசிடர் காலத்துல பண்ண வேல அது. இந்த வண்டில ஓடறப்ப பேட்டரிய புடுங்கினா வோல்ட்டேஜ் ஒரேடியா எகிறி டைனமோக்குள்ள இருக்கற டயோடு போயிடும், கம்ப்யூட்டரும் போயிடும். அப்ப நான் பேட்டரி படம் பாக்க மாட்டன், உங்க மச்சான் படத்ததான் பாக்கணும்.

சார்: மச்சான் பெங்களூருல கம்ப்யூட்டர் கம்பெனில கீறான் பாய்.

பாய்: அதான் அவருக்கு கம்ப்யூட்டரு போனா கவலை இல்ல போல. மீட்டர புடிங்க.

(பாய் இப்போது மீட்டரின் சிவப்பு முனையை டைனமோவின் பின்பக்க போல்ட்டில் வைக்கிறார்.)

பாய்: படிங்க.

சார்: 14.2. அய்யய்யோ, இங்க பன்னண்டு, அங்க பதினாலு! மீட்டர் போச்சு பாய். மீட்டர மாத்திடு.

(பாய் ஒரு நிமிஷம் எதுவும் பேசாமல் தலைமேல் இருந்த தொப்பியை எடுத்துத் தட்டி மறுபடி வைத்துக்கொள்கிறார். இதற்கு மேல் பொறுமை உள்ளவர்கள் இந்தத் தொழிலில் குறைவு.)

பாய்: மீட்டரு நல்லாகீது, டைனமோவும் நல்லாகீது. டைனமோ 14.2 குடுக்குது. பேட்டரிக்கு பன்னண்டுதான் போய் சேருது. மீதி 2.2 எங்க சார்?

சார்: யாரு எடுத்தா?

பாய்: பேட்டரி மைனசிலேர்ந்து இஞ்சின் பாடி வரைக்கும் எர்த்துலயும் பாத்துட்டன், அங்க வோல்ட்டு எதுவும் கொறையல. அப்ப இந்த ஒயருதான். ஆஃப் பண்ணிட்டு கைய வெச்சி பாருங்க. இங்க இல்ல, போல்ட்டு கிட்ட.

சார்: சுடுது பாய்!

பாய்: போவவேண்டிய கரண்டு அங்க சூடா போயிகினு கீது. இருபது ஆம்பியர் ஓடற ஒயர்ல ரெண்டு வோல்ட்டு உழுந்தா நாப்பது வாட்டு. உங்க லாட்ஜ்ல ரூமுக்கு போடற பல்ப விட ஜாஸ்தி.

(பாய் முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுகிறார். பிறகு டைனமோ ஒயரை வெளியே இழுக்கிறார். ஒயரைப் போல்ட்டில் மாட்ட முனையில் இருந்த உலோக வளையம், அதாவது லக், கறுத்துப்போயிருக்கிறது. ஒயரின் மேல்தோல் விரல் நீளத்துக்குப் பழுப்பாகி, தொட்டதும் பொடிந்து விழுகிறது. உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்து, பாதி இழை அறுந்து நிற்கிறது. நட்டு கையாலேயே சுற்றுகிற அளவுக்கு லூஸ்.)

சார்: இவ்ளோண்டு துண்டா?

பாய்: இவ்ளோண்டு துண்டுதான். இத்த விட்டுட்டு ரெண்டு பேட்டரி போட்டுட்டீங்க. கொஞ்சம் உட்டிருந்தா உங்க மச்சான் பேச்ச கேட்டு டைனமோவும் போட்டிருப்பீங்க. அதுக்கப்பறமும் இந்த லைட்டு இதே மாதிரி மங்கலா உங்கள பாத்துகினே இருந்திருக்கும்.

(பாய் ஒயரை நல்ல இடம் வரைக்கும் வெட்டி, சுரண்டி, புது லக் போட்டு அழுத்தி, ஈயம் வைத்து, மேலே ஸ்லீவ் மாட்டி, ஸ்பானரால் இறுக்குகிறார். இவ்வளவு நேரமும் சார் போனில், நான்கு மக்கில் ஒன்று குறைவது பற்றி லாட்ஜ் பையனிடம் விசாரணை நடத்துகிறார்.)

பாய்: ஸ்டார்ட் பண்ணுங்க. எல்லாத்தயும் போடுங்க. இப்ப பேட்டரில படிங்க.

சார்: 14.0! லைட்டு அணைஞ்சிடுச்சி பாய்!

பாய்: டைனமோல 14.1, பேட்டரில 14.0. இன்னைக்கு ராத்திரி பேட்டரிய சார்ஜர்ல போட்டு முழுசா ஏத்திடுங்க. பட்டினியா கெடந்த பேட்டரிய டைனமோ தலைல கட்டாதீங்க.

சார்: கை குடு பாய். எவ்ளோ ஆச்சு?

பாய்: 360.

சார்: அந்த லக்கு 360ஆ?

பாய்: லக்கு, ஸ்லீவு எல்லாம் சேத்து 60. பாத்ததுக்கு 300.

சார்: பாத்ததுக்கு காசா?

பாய்: ஆமா சார்.

சார்: இன்னா பாய் அநியாயமா கீது! ஒரு பொருள் மாத்தினா காசு குடுக்கலாம். நீ மீட்டர வெச்ச, எடுத்த. படிச்சது கூட நான்தான!

பாய்: நீங்க படிச்சி இன்னா சொன்னீங்க? மீட்டர மாத்துன்னு சொன்னீங்க.

சார்: இருந்தாலும் கண்ணால பாக்கறதுக்கு 300 ஜாஸ்தி. நூறு வெச்சிக்கோ.

பாய்: சார், உங்க லாட்ஜ்ல வெளியூரு பேஷண்டு ஒருத்தன் காலைல ரூம் போடறான். நாளெல்லாம் ஆஸ்பத்திரி வராண்டாவுலயே உக்காந்து கெடக்கறான். ராத்திரி அங்கயே தூங்கறான். உங்க கட்டில்ல ஒரு நிமிஷம் படுக்கல. வாடக வாங்குவீங்களா, மாட்டீங்களா?

சார்: அது ரூமு பாய்.

பாய்: சுடுதண்ணி பக்கெட்டுக்கு?

சார்: அது தனி. பெங்காலிலயே போர்டு எழுதி வெச்சிக்கீறன்.

பாய்: நானும் வெக்கறன், தமிழ்லயே வெக்கறன். பேட்டரி வித்தவனுக்கு பேரம் பேசாம பத்தாயிரத்துக்கு மேல எண்ணி குடுத்தீங்க. பேட்டரி வேணாம்னு சொன்னவன்கிட்ட எரநூறு கொறைக்கறீங்க. அப்பறம் எவன் சார் மீட்டர எடுப்பான்? எங்கிட்ட தொழில் கத்துக்கினு போன பையனே இப்ப மீட்டர் வெச்சிக்கறது இல்ல. வண்டி வந்ததும் பேட்டரியதான் எடுக்கறான். கேட்டா, கஸ்டமருக்கு அதான் புடிக்குதுன்னு சொல்றான். பொய் சொல்லலியே அவன்.

(சார் பதில் சொல்லவில்லை. கடைக்குள் பார்க்கிறார். கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகிறது. ஆனால் பாய் தலைக்கு மேல் குட்டி ஃபேன் ஜம்மென்று சுற்றுகிறது. ஃபேன் ஒயர் பெஞ்சுக்கு அடியில் ஒரு பேட்டரிக்குப் போகிறது.)

சார்: பாய், அந்த பேட்டரில குங்குமம் கீதே.

பாய்: ஆமா.

சார்: நீ எதுக்கு குங்குமம் வெச்ச?

பாய்: நான் எங்க வெச்சன்? எக்ஸ்சேஞ்ச்ல வந்த பேட்டரின்னு கடைல போட்டிருந்தாங்க. மீட்டர் வெச்சி பாத்தன், பட்டினியாத்தான் கெடந்துச்சி. தூக்கிகினு வந்து ஒரு ராத்திரி சார்ஜ் போட்டன். அன்னைலேர்ந்து ஓடுது. குங்குமத்த தொடைக்க மனசு வரல, எவரோ ஆசையா வெச்சிக்கீறாரு.

சார்: பக்கவாட்டுல சாக்பீஸ்ல ஒரு பிள்ளையார் சுழி போட்டிருக்கா பாரு.

பாய்: போட்டிருக்கு.

சார்: அது என் பேட்டரி பாய்! ஆடில வாங்கினது! எக்ஸ்சேஞ்சுன்னு எழுநூறு ரூபாய்க்கு குடுத்துட்டன்! புதுசு, பாய்!

பாய்: அதான் நானும் நெனச்சன். புதுசாத்தான் கீது.

சார்: எனக்கே திருப்பி குடுத்துடு. ஜெனரேட்டருக்கு ஆவும். எவ்ளோ சொல்ற?

பாய்: வெல சொல்லணும்னா இப்ப இன்னா நெலமைல கீதுன்னு பாக்கணும் சார்.

சார்: பாரு, பாரு.

பாய்: பாக்கறதுக்கு 300.